துரைசாணி பேசிய தமிழ்

பக்கத்து வீட்டில் டெலிவிஷன் வாங்கிய புதிதில் என்னையும் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. பாதி ஆயுளை விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே நின்று கழித்தவளுக்கு, வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பொழுதுபோக்காகத் தெரியாது. ஏதோ இங்கிலீஷ் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. கணப்புக்குப் பக்கத்தில் ஒரு கிழவி உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். பேச வாயெடுக்கும் முன் தலையை இடது பக்கமாக லேசாகச் சாய்த்தாள். எனக்கு அந்த இடத்திலேயே அடையாளம் தெரிந்துவிட்டது.

"இவளுக்கு நான் பேசியிருக்கேன்" என்றேன். வயதானால் இப்படித்தான் என்ற மாதிரி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த வீட்டுக் கல்லூரிப் பெண் மட்டும் ஏதோ பத்திரிகையில் படித்ததாகச் சொன்னாள். அந்த நடிகை சின்ன வயதிலேயே லண்டனில் மேடை ஏறியவளாம். பிறகு சினிமாவுக்கு வந்து, கதாநாயகியாகவும் கதாநாயகிக்குத் தோழியாகவும் நடித்து, முகத்தில் சுருக்கம் விழுந்ததும் சினிமாக்காரர்கள் கைகழுவிவிட, டெலிவிஷனில் பாட்டியாகவும் அத்தையாகவும் காலம் தள்ளுகிறாளாம். பெயரும் சொன்னாள். அதை நான் எழுதப்போவதில்லை. அருப்புக்கோட்டையில் அவளுக்குத் துரைசாணி என்றுதான் பெயர். அவள் கதையும் வேறு. அந்தக் கதையை உண்டாக்கியவள் நான், அதற்கான விலையையும் நானே கொடுத்தேன்.

யுத்த காலம் அது. ஃபிலிம் தட்டுப்பாடு வந்து தமிழ்ப் படங்கள் குறைந்துபோயின. அருப்புக்கோட்டைக்கு வெளியே, பாலவனத்தம் போகிற ரோட்டோரத்தில் ஒரு டூரிங் கொட்டகை இருந்தது. முதலாளி டவுனில் பருத்தி, மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தவர். கொட்டகையைச் சும்மா போட்டுவைக்க மனமில்லாமல், எங்கோ தேய்ந்து ஓய்ந்த இங்கிலீஷ் படங்களைச் சல்லிசாகப் பிடித்துவந்து ஓட்டினார். சனங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. அதனால் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்று தமிழில் கதை சொல்லுவார். சண்டைக் காட்சிகளில் அவர் சூரர். பொம்பிளை அழுதால் மட்டும் வினை. கீச்சுக்குரலில் அவர் அழ ஆரம்பித்ததும் பெண்கள் பக்கம் மொத்தமும் சிரித்துவிடும். பெண் குரல் ஒன்று வேண்டும் என்று முதலாளி தேடியபோது நான் அகப்பட்டேன்.

நான் நாடகக்காரி. என் வீட்டுக்காரர் ராஜபார்ட், நான் அவருக்கு ஜோடியாக ஸ்திரீபார்ட். திருவிழாக்களுக்கு எங்களைச் சேர்த்துத்தான் பேசிவிட்டுப் போவார்கள். இன்றைக்குத் திருச்சுழி, நாளைக்கு வீரசோழனுக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டி, மறுநாள் வேறொரு பொட்டல். மைக் வராத ஊர்களில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி விடிய விடியப் பாடவேண்டும். கம்மங்கொல்லைக் காற்று தொண்டையில் மண்ணை வாரிப் போடும். அவர் குடிகாரர் இல்லை, என்னைக் கை நீட்டி அடித்தவரும் இல்லை. அவருக்கு இருந்தது ஒரே ஒரு வியாதி. யார் வந்து கேட்டாலும் வாக்குக் கொடுத்துவிடுவார்.

எம்.ரெட்டியபட்டியில் நாடகம் இருந்த வாரத்தில் எனக்குக் கரு கலைந்தது. இரண்டு முறை தங்காமல் போய், மூன்றாவதாக நிலைத்த கரு. பாயில் கிடந்தவளிடம் அவர் வந்து உட்கார்ந்து, "வாக்குக் குடுத்துட்டேன், பாதி ராத்திரிக்கு மட்டும் நின்னுட்டு வந்துரு" என்றார். கல்யாணப் பெண் வேஷம். நின்றேன். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மாலை மாற்றினேன். சனம் கை தட்டியது. மறுநாள் வண்டி வேறு ஊருக்குக் கிளம்பியபோது நான் ஏறவில்லை. கோபத்தில் அப்படிச் செய்தேன் என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். கோபப்படவும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். எனக்கு இருந்தது வெறும் அலுப்பு. படுத்தால் எழுந்திருக்கத் தோன்றாத அலுப்பு.

அருப்புக்கோட்டையில் ஒரு தறிக்காரர் வீட்டின் பின்கட்டில் ஓர் அறை கிடைத்தது. அந்த வீட்டு அம்மாள் தன் ஆட்களிடம் தெலுங்கில் பேசுவாள், என்னிடம் தமிழில் திட்டுவாள். யாருமில்லாதவளைத் திட்டுவதற்கும் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது, அந்த வகையில் அவள் எனக்கு உறவு. நூல் தட்டுப்பாட்டில் பாதித் தறிகள் சும்மா கிடந்தன. வேலையில்லாத சனம் சாயங்காலமானால் கொட்டகைக்குத்தான் வந்தது.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. முதலாளிக்கும் தெரியாது. படப்பெட்டியோடு கதைச் சுருக்கம் எதுவும் வராது, பெட்டி கொண்டுவருகிறவன் வாயால் சொல்கிற இரண்டு வாக்கியம்தான். பகலில் கொட்டகைக்குள் வெயில் அடிக்கும், ஓட்டிப் பார்க்கவும் வழியில்லை. ஆகவே சனங்களுக்கு முதல் ஆட்டம் எனக்கும் முதல் ஆட்டம். பொம்பிளை வாயை அசைத்தால் ஆபரேட்டர் சத்தத்தைக் குறைப்பார், நான் பேசவேண்டும். அவள் முகத்தைப் பார்த்துத்தான் பேசினேன். முகம் தெரிந்தால் பேச்சு தானாக வந்துவிடும். கொட்டகையில் ஒரே ஒரு மிஷின் என்பதால், ஒவ்வொரு ரீலுக்கும் விளக்கைப் போட்டு மாற்றுவார்கள். அந்த நேரத்தில்தான் எனக்கு உயிர் போகும். சனம் சும்மா இருக்காது, கேள்வி கேட்கும்.

துரைசாணி நடித்த முதல் படத்தில் அவளுக்குக் கல்யாணம் ஆகி, புருஷனோடு கப்பல் ஏறிப் போனாள். தொந்தரவில்லாமல் முடிந்தது. சில வாரம் கழித்து வந்த அடுத்த படத்தில் அதே முகம். தலையில் வெள்ளைக் குல்லா, இடுப்பில் முன்றானை மாதிரி ஒரு துணி, ஏதோ பெரிய வீட்டில் வேலைக்காரி. நான் வாயைத் திறந்ததும் பெண்கள் பக்கம் சலசலப்பு. ரீல் மாற்ற விளக்கு போட்டதுதான் தாமதம், ஒருத்தி எழுந்துவிட்டாள்.

"ஏத்தா, இவ புருசனோட கப்பலேறிப் போனவல்ல? இங்கன என்னத்துக்குப் பாத்திரம் கழுவுறா?"

இது வேறு படம், வேறு கதை என்று சொன்னேன். ஒருவரும் ஏற்கவில்லை. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. நாடகத்தில் கிரீடம் வைத்து உடுப்பு மாற்றினால்தான் வேறு ஆள். இவளோ அதே முகம், அதே தலைச்சாய்ப்பு, போதாக்குறைக்கு அதே தொண்டை. "மொகமும் ஒண்ணு, கொரலும் ஒண்ணு, ஆளு மட்டும் வேறயா? எங்கள என்ன கூமுட்டைன்னு நெனச்சியா?" என்று எங்கள் தறிக்கார அம்மாளே கேட்டாள். மிஷின் ஓட ஆரம்பிக்கப் போகிறது, ஏதாவது சொல்லியாக வேண்டும். "போன எடத்துல புருசன் கைவிட்டுட்டாக. வயித்துப்பாட்டுக்கு வேலை பாக்குறா" என்று மைக்கில் சொல்லிவிட்டேன். கொட்டகை முழுக்க உச்சுக் கொட்டியது. அன்றிலிருந்து எனக்கு இரண்டு வேலை. ஓடுகிற படத்துக்குக் கதை சொல்லவேண்டும், ஓடிப்போன படங்களோடு அதை முடிச்சும் போடவேண்டும்.

ஆண்கள் விஷயத்தில் இந்தச் சிக்கல் இல்லை. படத்துக்குப் படம் வேறு வேறு ஆள்தான் வந்தான். ஆனால் வெள்ளைக்காரன் எல்லாம் ஒரே அச்சு என்பது எங்கள் சனத்தின் முடிவு. யாரைக் காட்டிப் புருஷன் என்றாலும் ஒப்புக்கொள்வார்கள்.

மூன்றாவது படத்தில் துரைசாணி பாட்டுக்காரியாக வந்தாள். பெரிய மேடை, பூ வீசுகிறார்கள், அவள் குனிந்து கும்பிடுகிறாள். அப்புறம் உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்து இருமுகிறாள். கோட்டுப் போட்ட ஒருவன் வந்து மறுபடி மேடைப் பக்கம் கையைக் காட்டுகிறான். அவள் எழுந்து போகிறாள். அந்த இடத்தில் அவள் ஒன்றும் பேசவில்லை, வாயே அசையவில்லை. நான்தான் பேசினேன். "வாக்குக் குடுத்துட்டீகன்னா நிக்கத்தான் வேணும். எனக்கு முடியலங்கிறது ஒங்களுக்கு எப்பத் தெரியப்போகுது?" என்றேன். பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. என் கதை ஊருக்கே தெரியும். அன்றோடு துரைசாணி வேறு, நான் வேறு என்ற எண்ணம் ஊரை விட்டுப் போய்விட்டது. தண்ணீர் எடுக்கப் போனால், "இன்னிக்கு இருமல் தேவலையா?" என்பார்கள். எனக்கு இருமலே கிடையாது.

இந்த நிலையில்தான் நாலாவது படம் வருவதாகத் தெரிந்தது. ஒரு மத்தியானம் முதலாளி என்னைக் கடைக்குக் கூப்பிட்டுவிட்டார். மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் முக்காலி போட்டு உட்காரச் சொன்னார். அந்த மரியாதையைப் பார்த்து நான் நுனியில்தான் உட்கார்ந்தேன்.

"புதுப்பொட்டி வெள்ளிக்கெழமை வருது. அதுலயும் ஒன் தொரசாணிதான். தனியா இருக்கா. கடைசியில புருசன் தேடி வாரான், ரெண்டு பேரும் சேந்துருறாகளாம்" என்றார்.

"சரிங்க."

"ஒன் வீட்டுக்காரரு என்னைய வந்து பாத்தாரும்மா. நீ இல்லாம அவரையும் யாரும் நாடகத்துக்குப் பேச மாட்டேங்கிறாகளாம். ஆளு பாதியாப் போயிட்டாரு. வெள்ளிக்கெழமை மொத ஆட்டத்துக்கு வரச் சொல்லிருக்கேன், முன்னால பெஞ்சுல. நீ வேற ஒண்ணும் பேச வேணாம். தொரசாணி சேருற எடத்துல நல்லபடியா நாலு வார்த்த சொல்லிரு. ஊரு புரிஞ்சுக்கும், அவரும் புரிஞ்சுக்குவாரு."

"நான் சொல்லலைன்னா?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. சங்கடப்பட்டார். வத்தல் ஒன்றை எடுத்துக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னார். "புருசன விட்டு வந்தவள வச்சுக் கொட்டகை நடத்துறேன்னு பஜாருல பேச்சு வருது. நானும் பிள்ளைகுட்டிக்காரன். நீயே யோசிச்சுக்க."

யோசித்தேன். இன்னொரு இடத்தில் போய் நின்று, என்னை யார் என்று சொல்லி, ஒரு மூலை கேட்டு வாங்குகிற தெம்பு என்னிடம் இல்லை. திரும்ப அவரோடு வண்டி ஏறுகிற தெம்பும் இல்லை. இரண்டில் எது குறைந்த அலுப்பு என்று கணக்குப் போடுவதே பெரிய அலுப்பாக இருந்தது. தறிக்கார அம்மாளிடம் சொன்னபோது, அவள் பாவு நூலைச் சிக்கெடுத்துக்கொண்டே, "போறதுன்னா போ, இருக்கதுன்னா இரு. மூஞ்சிய மட்டும் தொங்கப்போடாத, பாக்கச் சகிக்கல" என்றாள். அவளுடைய ஆறுதல் அப்படித்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை கொட்டகை நிறைந்துவிட்டது. படத்தைவிட என்னைப் பார்க்கத்தான் பாதிப்பேர் வந்திருந்தார்கள். அவர் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சலவை வேட்டி, நெற்றியில் விபூதி. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். இரக்கத்தில் கழுத்தை நீட்டிவிடுவேனோ என்றுதான் எனக்கு என்மேலேயே பயம்.

படத்தில் துரைசாணி சின்னதாக ஒரு வீட்டில் தனியாக இருந்தாள். ரொட்டி சுட்டாள், தோட்டத்தில் கொத்தினாள், குழந்தைகளுக்கு எதையோ சொல்லிக்கொடுத்தாள். எனக்கு அந்த வீட்டைப் பிடித்திருந்தது. அவளைத் தொந்தரவு செய்யாமல் நான் குறைவாகப் பேசினேன். ரீல் மாற்றும்போது யாரும் கேள்வி கேட்கவில்லை. அந்த அமைதிதான் என்னைப் படுத்தியது.

கடைசி ரீல் வந்தது. கதவு தட்டப்படுகிறது. அவள் திறக்கிறாள். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நடுத்தர வயசு வெள்ளைக்காரன் ஒருவன் நிற்கிறான். ஆண்களுக்கெல்லாம் இன்னும் பேசிவந்த அந்தப் பழைய கதைசொல்லிதான் அவனுக்கும் பேசினார். "வந்துட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மிச்சத்தை எனக்கு விட்டுவிட்டார். முதலாளி சொல்லிவைத்திருப்பார். துரைசாணி அவனையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். தலையை இடது பக்கம் சாய்த்தாள். அவள் வாய் அசையப்போகிறது என்று எனக்குத் தெரியும். ஆபரேட்டர் சத்தத்தைக் குறைத்தார். கொட்டகை முழுக்க வெளியே ஓடுகிற எஞ்சின் சத்தம் மட்டும்.

அதுவரை நான் எதுவும் தீர்மானிக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். அவள் வாய் அசைந்தது, என் வாயில் வந்தது இதுதான்:

"வாங்கண்ணே."

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் படம் நிற்காது, அவள் பேசிக்கொண்டே இருந்தாள், நானும் பேசியாக வேண்டும். "இத்தன நாளா எங்கண்ணே இருந்தீக? அப்பன் ஆத்தா போனப்பொறம் எனக்குன்னு கேக்க ஆளில்லாமப் போச்சுண்ணே. நான் நல்லாத்தான் இருக்கேன். சலிச்சுப்போச்சு, அவ்வளவுதான். இனிமே என்னைய எங்கயும் கூப்புடாதீக. பாக்கணும்னு தோணுனா இங்க வந்து பாத்துட்டுப் போங்க" என்றேன். அவள் அழுதுகொண்டே அவன் நெஞ்சில் சாய்ந்தாள். அவன் அவள் முகத்தை நிமிர்த்தினான். இந்த மாதிரி இடம் வந்தால் ஆபரேட்டர் எப்போதும் லென்ஸுக்கு முன்னால் கையை வைத்துவிடுவார். எங்கள் கொட்டகை மானத்துக்குக் கட்டுப்பட்டது. அன்றைக்கும் வழக்கம்போலக் கையை வைத்தார். திரை இருட்டாயிற்று.

அந்த இருட்டில் எங்கள் தறிக்கார அம்மாளின் குரல் கேட்டது. "நான் அப்பவே நெனச்சேன். ரெண்டு பேருக்கும் மூக்கப் பாருங்க, அப்படியே உரிச்சு வச்சிருக்கு."

அவ்வளவுதான். ஒருத்தி ஆமாம் என்றாள், இன்னொருத்தி நெற்றியும் ஒன்று என்றாள். கையை எடுத்தபோது துரைசாணி கண்ணீரோடு சிரித்துக்கொண்டிருந்தாள். கூடப்பிறந்தவன் வந்துவிட்டான் என்று பெண்கள் பக்கம் விசும்பியது. ஆண்கள் பக்கத்தில் சிலர் முணுமுணுத்தார்கள், ஆனால் தங்கைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் எட்டிப்பார்க்காதவர்கள் அங்கேயும் நிறைய இருந்தார்கள், அவர்கள் வாயைத் திறக்கவில்லை. விளக்கு போட்டபோது முன் பெஞ்சு காலியாக இருந்தது.

துரைசாணி வாயால் என்றாலும், அண்ணன் என்று ஒருவரை ஊர் அறியச் சொல்லிவிட்டால் எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் வழக்கில்லை. நாடகக்காரர்களுக்கு இன்னும் கடுமை. அப்படிச் சொன்ன வாயால் அவருக்கு நான் மேடையில் மாலை போட்டால் எந்த ஊர்ச் சனம் உட்கார்ந்து பார்க்கும்? அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். மறுநாள் காலையில் முதலாளி ஆள் விட்டுக் கூப்பிட்டு, "என்னம்மா இப்பிடிப் பண்ணிட்ட" என்றார். அதற்குள் திருச்சுழியிலிருந்து இரண்டு வண்டி சனம் அண்ணன் தங்கச்சிப் படம் பார்க்க வருவதாகச் சேதி வந்துவிட்டது. நிறைந்த கொட்டகையோடு எந்த வியாபாரியும் சண்டை போடமாட்டான். "தொண்டைய மட்டும் பாத்துக்க" என்று அனுப்பிவிட்டார்.

மத்தியானம் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் வந்தார். பின்கட்டு வாசலில் நிழல் விழுந்ததைப் பார்த்து நிமிர்ந்தேன். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். ஒருநாளும் அடிக்காதவர் அன்றைக்கு அடித்தால் வாங்கிக்கொள்வது என்றுதான் நினைத்தேன். அவர் கையில் ஒரு தட்டு இருந்தது. வெற்றிலை பாக்கு, மஞ்சள், நாலு வாழைப்பழம், மேலே மடித்த ஒரு சேலை. துணிக்குக் கண்ட்ரோல் இருந்த காலம். ஒரு கஜம் துணிக்குக் கால் கடுக்க நிற்கவேண்டும். எங்கே பிடித்தாரோ, யாரிடம் கெஞ்சினாரோ.

"கூடப்பொறந்தவன்னு ஊரு முன்னால சொல்லிட்ட. வெறுங்கையோட வந்தா நல்லாருக்காதுல்ல" என்றார்.

அவர் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். எந்த வேஷத்திலும் எனக்குப் பிடிபடுகிற முகம் அது. கேலி இல்லை, கோபமும் இல்லை. என்னைப் போலவே களைத்துப்போன ஒரு மனிதர், அவ்வளவுதான். இத்தனை வருஷம் அவரை வண்டியில் முன்னால் உட்கார்ந்திருக்கிறவராகவே பார்த்தேன். வண்டி அவரையும் சேர்த்துத்தான் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

தட்டைக் கீழே வைத்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். நின்றபடியே குடித்தார். "மானாமதுரப் பக்கம் ஒரு பிள்ள இருக்காம். பாட்டு சுமாராத்தான் வருமாம். வச்சு ஓட்டிக்கிறேன்" என்றார். செம்பைத் திருப்பிக் கொடுத்தவர் உடனே கிளம்பவில்லை. சும்மா கிடந்த தறியைப் பார்த்துக்கொண்டு, "ரெட்டியபட்டில அன்னிக்கு நாடகத்த நிப்பாட்டிருக்கணும்" என்றார். கையிலிருந்த செம்பைக் கவிழ்த்து வைத்தேன். பதில் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், அழவும் அலுப்பாக இருந்தது.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் எங்கே போனாலும் என்னிடம் சொல்லிக்கொண்டு போனதில்லை. அன்றைக்கு வாசல்படியில் நின்று, என் முகத்தைப் பார்த்து, "போயிட்டு வாரேம்மா" என்றார்.

"வாங்கண்ணே" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். திரையில்லாமல் அந்த வார்த்தை எனக்கு வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.